சினம் தணித்த குரல்

தைப்பூசக் காலத்தில் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் வழியில் கேட்கும் பாடல்களில் தனிச்சிறப்புடையது ஒன்று. 'திருவிளையாடல்' படத்தில் வரும் 'பழம் நீயப்பா' என்பதே அது. மாம்பழம் கிடைக்காத சினத்தில் பழனிக் குன்றேறி நின்ற பாலமுருகனை ஔவை சமாதானம் செய்யும் பாட்டு. ஔவையாகத் தோன்றிப் பாடியவர் 'கொடுமுடி கோகிலம்' கே. பி. சுந்தராம்பாள்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு பிறந்தார். வறுமையின் காரணமாகச் சிறுவயதிலேயே ரயில் வண்டியில் பாடிப் பொருள் ஈட்டினார். அக்குரலே அவரை நாடக மேடையில் ஏற்றியது. இலங்கை சென்றபோது செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடித்தார். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இருவர் பாட்டையும் கேட்க ஊரே திரண்டது. மேடையில் இணைந்தவர்கள் வாழ்விலும் இணைந்தனர்.

அந்த இன்பம் நீடிக்கவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. 1933-இல் கிட்டப்பாவும் 27 வயதில் மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றுமுதல் வெள்ளைச் சேலை உடுத்தினார். ஆடவருடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். வாழ்வைக் கோபித்துக்கொள்ள அவருக்குக் காரணங்கள் இருந்தன. ஆயினும் அவர் ஒதுங்கி நின்றுவிடவில்லை. 1935-இல் நந்தனாராகவே வேடமேற்றுத் திரையில் நடித்தார்; அதற்குப் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்! 1951-இல் சென்னை மாநில மேலவை உறுப்பினரானார். 1953-இல் 'ஔவையார்' ஆனார்.

1965-இல் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில், கே. வி. மகாதேவன் இசையில் 'திருவிளையாடல்' வெளிவந்தது. இப்பாடலின் தொடக்கம் சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றியது. தொடர்ச்சி கண்ணதாசன் எழுதியது. கிட்டப்பாவுடன் சுந்தராம்பாள் பாடிப் பழகிய பழைய மேடையின் தமிழ், முப்பது ஆண்டுகளுக்குப் பின் திரையில் அவரிடமே திரும்பி வந்தது. தம் குழந்தையைத் தாலாட்ட வாய்க்காத தாய், கோபித்துச் சென்ற தெய்வக் குழந்தையைக் கொஞ்சி அழைக்கிறார். அக்குரலில் கெஞ்சல் உண்டு, உரிமை உண்டு, கம்பீரமும் உண்டு. கல்லும் கசிவதில் வியப்பென்ன?

1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980-இல் மறைந்தார். கோடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால், மேகமற்ற நாளில் பழனிக் குன்று கீழே சிறிதாகத் தெரியும். அக்குன்றைக் காணும்போதெல்லாம் அவர் குரல் நினைவுக்கு வருகிறது.

நண்பர்களே! நமக்குரியது என நாம் நம்பிய பழம் பிறர் கைக்குப் போகும் நாள் நமக்கும் வரலாம். அன்று சினந்து குன்றேறி நிற்பதா, மீண்டும் மேடையேறிப் பாடுவதா? சுந்தராம்பாள் பாடினார்.