கிறீன் தேடிய சொற்கள்

1822இல் அமெரிக்காவில் பிறந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளிகளைக் கவனித்தபடியே தமிழ் கற்றார். பின்னர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்றியல் நூலைத் தந்தார். 1873இல் தாயகம் திரும்பி, 1884இல் மறைந்தார்.

உடற்கூற்றியலை ஆங்கிலத்தில் படிக்கும் எனக்கு அவர் உழைப்பின் அருமை புரிகிறது. பித்தப்பைத் தமனி பெரும்பாலும் வலது ஈரல் தமனியிலிருந்து கிளைக்கும். சிலருக்கு வேறிடத்திலிருந்து வரும். சிலருக்கு இரண்டாகவும் இருக்கும். இதைக் கவனியாமல் கத்தி வைத்தால் இரத்தம் பெருகும். உயிர்காக்கும் இத்தகைய நுட்பங்களைத் தம் மாணவர்களின் தாய்மொழியில் சொல்லவே அவர் சொல் தேடினார். நாளை பித்தப்பைக் கல்லோடு வரும் தேக்கா பாட்டிக்கு நாம் எந்த மொழியில் விளக்கப் போகிறோம், நண்பர்களே?