கம்பியை மேலே ஏற்றியவர்



நம்ம வெள்ளகோவிலில் ரயில் கிடையாது. ஈரோடு போனால் மின்சார ரயில் பார்க்கலாம். வெளியிலிருந்து கரண்ட் வாங்கி ஓடும் ரயிலில் முதலில் ஆளை ஏற்றி ஓட்டியவர் வெர்னர் வான் சீமென்ஸ். அவரைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன்.

1816-ல் ஜெர்மனியில் பிறந்தார். வீட்டில் 14 பிள்ளைகள். மேலே படிக்கக் காசில்லை. அதனால் பட்டாளத்தில் சேர்ந்து அங்கேயே படித்தார். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

1866-ல் டைனமோ தத்துவத்தைக் கண்டுபிடித்தார். அதனால் நிறைய கரண்ட் தயாரிக்க முடிந்தது. 1879-ல் பெர்லின் பொருட்காட்சியில் 300 மீட்டர் வட்டப் பாதையில் குட்டி மின்சார ரயில் விட்டார். ஒரு தடவைக்கு 18 பேர் போனார்கள்.

1881-ல் பெர்லின் பக்கத்தில் மின்சார டிராம் விட்டார். அதற்குத் தண்டவாளத்திலேயே கரண்ட்! குறுக்கே போன குதிரைக்கும் மனுசங்களுக்கும் ஷாக் அடித்தது. 1882-ல் தலைக்கு மேலே 2 கம்பி கட்டி, அதிலிருந்து கரண்ட் எடுத்து ஒரு வண்டியை ஓட்டிக் காட்டினார். யார் காலிலும் கரண்ட் படவில்லை. 1892-ல் காலமானார்.

தமிழ்நாட்டில் 1931-ல் சென்னை கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. இன்று ரயில் கூரையில் உள்ள பாண்டோகிராப், மேலே உள்ள கம்பியை உரசிக்கொண்டே கரண்ட் எடுக்கிறது. அதில் 25,000 வோல்ட்! தொடவே வேண்டாம், கிட்டப் போனாலே பாயும். செல்ஃபி எடுக்கப் பெட்டி மேலே யாரும் ஏறாதீங்க. கம்பியை மேலே கட்டியதே நம்ம மேல படக்கூடாதுன்னுதான்.


– 9-ஆம் வகுப்பு மாணவி