கணையத்தில் தீவுகளைக் கண்ட இளைஞர்

சர்க்கரை நோயாளி இல்லாத குடும்பம் இன்று நம்மிடையே அரிது. பல வீடுகளின் ஃபிரிட்ஜில் இன்சுலின் மருந்து நிரந்தரமாக இருக்கிறது. ஆனால் உடலில் இன்சுலின் சுரக்கும் இடத்தை முதலில் கண்டவரை நம்மில் பலர் அறியோம். அவர் பெயர் பால் லாங்கர்ஹான்ஸ்.

1847-இல் பெர்லின் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். மருத்துவ மாணவராக இருந்தபோது முயலின் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். செரிமான நீரைச் சுரக்கும் செல்களுக்கு நடுவே, வேறு வகைச் சிறு செல்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. அவற்றைச் சுற்றி நரம்பு இழைகள் அடர்ந்திருப்பதையும் கவனித்தார். 1869-இல் தம் ஆய்வேட்டில் இவற்றை எழுதியபோது அவருக்கு வயது 21. இந்தச் செல்களின் வேலை என்னவென்று தமக்குத் தெரியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

மறு ஆண்டு சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளில் பயணம் செய்தார். பின்னர் ஃப்ரைபர்க்கில் பேராசிரியரானார். 1874-இல் காசநோய் அவரைத் தாக்கியது. பதவியை விட்டு மடெய்ரா தீவுக்குச் சென்ற அவர், அங்கும் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1888-இல், 41 வயது நிறையும் முன்பே காலமானார்.

1893-இல் பிரெஞ்சு அறிஞர் லாகெஸ் அந்தச் செல் கூட்டங்களுக்கு லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று பெயரிட்டார். 1921-இல் டொரொன்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. தம் கண்டுபிடிப்பின் பயனை அவர் பார்க்கவே இல்லை.

அவர் கண்ட நரம்புகளின் வேலையும் பிற்காலத்தில்தான் விளங்கியது. சாப்பாட்டின் மணம் வந்ததுமே, முதல் கவளம் வயிற்றை எட்டும் முன்பே, மூளை வேகஸ் நரம்பு வழியாகத் தீவுகளுக்குச் செய்தி அனுப்புகிறது. சிறிதளவு இன்சுலின் சுரக்கிறது. பயமும் பதற்றமும் வந்தால் நடப்பது வேறு. பரிவு நரம்புகள் இன்சுலினைக் குறைத்து, குளுக்ககான் என்ற ஹார்மோனைக் கூட்டுகின்றன. அட்ரினலினும் சேர்ந்துகொள்ள, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது.

வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ சர்க்கரை கூடினால், இனிப்பு சாப்பிட்டீர்களா என்றுதான் முதலில் கடிந்துகொள்கிறோம். வீட்டில் ஒரு மவுத் நேர்ந்த வாரத்திலும் அதையே கேட்கிறோம். கவலையும் தூக்கமின்மையும்கூடச் சர்க்கரையை ஏற்றும். மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் அவசியம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் இனி கடிந்துகொள்ளும் முன், மனதில் என்ன பாரம் என்று ஒரு வார்த்தை கேட்போம்.