பேய்க்கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாள்

கரும்பு ரகங்களின் பெயருக்கு முன்னால் வரும் 'கோ' கோயம்புத்தூரைக் குறிக்கிறது என்பது கரும்பு விவசாயிகளுக்குத் தெரியும். அங்குள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாளைப் பலருக்குத் தெரியாது.

1897-இல் கேரளத்தின் தலச்சேரியில் பிறந்தவர் அவர். வீட்டில் பேசிய திருமண ஏற்பாட்டை விட்டுவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். சென்னையில் தாவரவியல் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934-இல் கோவை நிறுவனத்தில் சேர்ந்தார். பேய்க்கரும்பின் ரத்தம் கலந்த கோ 205 ரகம் 1918-லேயே வெளியாகியிருந்தது. ஆற்றோரங்களில் தானாக வளரும் பேய்க்கரும்பில் இனிப்பு குறைவு. ஆனால் வறட்சியையும் நோயையும் தாங்கும். எந்தக் கரும்பு எதனுடன் சேரும், சேர்ந்தால் பிறக்கும் பயிர் எப்படி இருக்கும் என்பதை அறிய குரோமோசோம் கணக்கு வேண்டும். தடித்த ஆலைக்கரும்பில் 80 குரோமோசோம்கள். பேய்க்கரும்பிலோ 40 முதல் 128 வரை இடத்துக்கு இடம் மாறும். நுண்ணோக்கியில் பொறுமையாக எண்ணிப் பார்க்கும் அந்த வேலையில் ஜானகி அம்மாள் தேர்ந்தவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலப்பினம் செய்து, 1938-இல் அதை உலகுக்கு அறிவித்தார்.

திறமை இருந்தும் மதிப்பு கிடைக்கவில்லை. தனித்து வாழும் பெண். அன்று தாழ்வாகக் கருதப்பட்ட தீயர் சமூகத்தில் பிறந்தவர். ஆண்கள் நிறைந்த அந்தச் சூழலில் இவை இரண்டும் அவருக்குத் தடையாயின. 1939-இல் இங்கிலாந்து சென்றவர், போர்க்காலத்திலும் அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார். சாகுபடிப் பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து, டார்லிங்டனுடன் இணைந்து 1945-இல் நூலாக வெளியிட்டார். பின்னர் விஸ்லி தோட்டத்தில், மக்னோலியா நாற்றுகளுக்குக் கால்ச்சிசின் கொடுத்து குரோமோசோம்களைப் பெருக்கினார். நம் விவசாயிகள் பயிரிடும் கண்வலிக்கிழங்கிலும் உள்ள வேதிப்பொருள்தான் அது. அங்கு ஒரு மக்னோலியா ரகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கப் பிரதமர் நேரு அவரை அழைத்தார். தாயகம் திரும்பி அந்தப் பணியில் இறங்கினார். ஆனால் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு ஓர் ஆணுக்கே சென்றது. பத்மஸ்ரீ விருது 1977-இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 80-ஐ நெருங்கியிருந்தது. அந்த வயதிலும் ஓயாமல், அணையால் அமைதிப் பள்ளத்தாக்குக் காடு மூழ்கக் கூடாது என்று குரல் கொடுத்தார். சென்னை மதுரவாயலில் உள்ள ஆய்வுக்கூடத்தில் கடைசிவரை உழைத்து, 1984 பிப்ரவரியில் மறைந்தார்.

நம் கிராமங்களிலும் விதை பொறுக்குவது, விதைக்கரணை சீவுவது, நாற்று நடுவது எனப் பெண்களின் கை படாத பயிர் இல்லை. ஆனால் பயிற்சிப் பதிவேட்டில் பெரும்பாலும் வீட்டு ஆணின் பெயர்தான் ஏறுகிறது. விரிவாக்கப் பணியாளர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை மாற்றலாம். உழைத்தவரின் பெயரை உழைக்கும் காலத்திலேயே எழுதிவிடுவோம்.