ஒரு குழாய்க் கசிவும் ‘பந்து உலை’யும்: யார் இந்த ருடால்ஃப் ஷூல்டன்?

திருச்சி காட்டூர்க்காரர்களுக்கு பாய்லர் புதிதில்லை. பக்கத்திலேயே திருவெறும்பூர் பெல் ஆலை. வெல்டிங் வைத்த குழாயை எக்ஸ்ரே எடுத்து, தண்ணீர் அழுத்தம் கொடுத்து, கசிவு இல்லைன்னு உறுதியான பிறகுதான் அடுத்த வேலை. சின்னக் கசிவுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? ஷூல்டனின் கதையில் பதில் இருக்கிறது.

யார் இவர்?

1923-ல் ஜெர்மனியின் ஓடிங்கில் பிறந்தவர். நோபல் விஞ்ஞானி ஹைசன்பெர்க்கிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். 1964-ல் ஆகன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். யூலிஷ் ஆராய்ச்சி மையத்தில் அணு உலை ஆய்வுப் பிரிவுக்கும் தலைமை ஏற்றார்.

என்ன யோசனை?

யுரேனியத் துகள்களை கிராஃபைட்டுக்குள் பொதிந்து, 6 செ.மீ. விட்டமுள்ள உருண்டைகளாக்குவது. கிட்டத்தட்ட டென்னிஸ் பந்து அளவு. அவற்றை உலைக்குள் கொட்டி, இடையில் ஹீலியம் வாயுவை ஓட்டினால் அது வெப்பத்தை எடுத்துவரும். அமெரிக்காவின் ஃபாரிங்டன் டேனியல்ஸ் 1940-களிலேயே இப்படி யோசித்திருந்தார். அதை ஓடும் உலையாக்கியவர் ஷூல்டன். 15 மெகாவாட் ‘ஏவிஆர்’ உலை யூலிஷில் 1966-ல் இயங்கத் தொடங்கியது. 1974-ல் வெளியேறும் வாயுவின் வெப்பம் 950 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்தப்பட்டது. வாயு ஓட்டத்தை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார்கள். உலை தானாகவே அடங்கியது.

எங்கே சிக்கல்?

நீராவி ஜெனரேட்டரை எரிபொருளுக்கு நேர் மேலே, ஒரே கலனுக்குள் வைத்திருந்தார்கள். 1978-ல் அதன் குழாய் கசிந்து, சுமார் 27 டன் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. கொதிக்கும் கிராஃபைட்டில் நீராவி பட்டால் ஹைட்ரஜன் உருவாகும். அது தீப்பிடிக்கும் வாயு. நல்லவேளையாக, அப்போது உலை குறைந்த வெப்பத்தில் இருந்தது.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. நகர்ந்துகொண்டே இருக்கும் உருண்டைகளுக்கு நடுவே வெப்பமானி வைக்க முடியாது. அதனால் 1986-ல், வெவ்வேறு வெப்பத்தில் உருகும் கம்பிகளை கிராஃபைட் உருண்டைகளுக்குள் வைத்து அனுப்பினார்கள். வெளியே வந்தவற்றில் சிலவற்றில் எல்லாக் கம்பிகளுமே உருகியிருந்தன. 1,280 டிகிரியில் உருகும் கம்பி உட்பட. காகிதத்தில் போட்ட கணக்கைவிட உலை ரொம்பவே சூடாக இருந்திருக்கிறது.

அப்புறம்?

1988 டிசம்பரில் ஏவிஆர் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே ஹாம் நகரின் பெரிய பந்து உலைக்கும் பூட்டு. 1996-ல் ஷூல்டன் காலமானார்.

அவர் யோசனை சீனாவில் தொடர்ந்தது. அங்கே ஷிடாவ்வான் பந்து உலை 2023 டிசம்பரில் வணிக மின் உற்பத்திக்கு வந்தது. அதில் நீராவி ஜெனரேட்டர் எரிபொருளுக்கு மேலே இல்லை. பக்கத்தில், தனிக் கலனுக்குள், எரிபொருளைவிடத் தாழ்வாக இருக்கிறது. குழாய் கசிந்தாலும் தண்ணீர் நேராக உலைக்குள் கொட்டாது.