பில்லி ஹாலிடே: சிகிச்சை கேட்டவருக்கு சிறை... என்ன நடந்தது?

யார் இவர்?
அமெரிக்க ஜாஸ் பாடகி. 1915-ல் பிலடெல்பியாவில் பிறந்து, பால்டிமோரில் வறுமையில் வளர்ந்தவர். 1930-களிலேயே பெரிய பெயர் எடுத்துட்டார். ஆனால், ஹெராயின் பழக்கம் அவரை விடவில்லை.

1947-ல் என்ன ஆச்சு?
போதைப்பொருள் வழக்கில் கைதானார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். கிடைத்ததோ ஓராண்டும் ஒரு நாளும் சிறை. 1948 மார்ச்சில் வெளியே வந்தார். சில நாட்களிலேயே கார்னகி ஹாலில் அரங்கம் நிறையப் பாடினார். ஆனால், தண்டனை பெற்றவர் என்பதால், மது விற்கும் நியூயார்க் கிளப்களில் பாடுவதற்கான அனுமதி அட்டை பறிபோனது. பிழைப்பே அதில்தான் இருந்தது.

கடைசி நாட்கள்?
1959-ல் கல்லீரல், இதய பாதிப்போடு நியூயார்க் மருத்துவமனையில் கிடந்தார். படுக்கையிலேயே மறுபடி போதைப்பொருள் வழக்கில் கைது. அறை வாசலில் போலீஸ் காவல். ஜூலை 17-ல் இறந்தபோது வயது 44.

இப்போது என்ன வழி?
அவர் இறந்து 30 ஆண்டுகள் கழித்து, 1989-ல் மயாமியில் அமெரிக்காவின் முதல் போதைப்பொருள் நீதிமன்றம் வந்தது. அங்கே நீதிபதியின் கண்காணிப்பில் சிகிச்சை, சிறுநீர்ப் பரிசோதனை, அடிக்கடி கோர்ட்டில் ஆஜர். முழுசா முடிச்சா வழக்கு தள்ளுபடி. பாதியில் விட்டால் வழக்கு தொடரும். 1947-ல் ஹாலிடே கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.