இரும்புக் கப்பலில் இரும்பைத் தேடியவர்

முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? தண்ணீர்ல இரும்பு எவ்வளவு இருக்குன்னு கண்டுபிடிக்கிற சோதனை. ரீடிங் ஒத்துவரலைன்னா பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதிட்டு வந்திருப்போம். (நான் மட்டும்தானா? சரி, விடுங்க.)

அதே சோதனையைக் கொஞ்சம் கஷ்டமாக்குவோம். நீங்க நிற்பது இரும்பால் கட்டிய கப்பல். சாம்பிள் குப்பியைக் கடலுக்குள் இறக்கும் வடம் எஃகு. மேல்தளத்தில் காற்றோடு பறப்பது துருத்தூள். ஆனால் நீங்க அளக்க வேண்டிய கடல்நீரில் இருக்கும் இரும்பு லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம்தான். ஒரே ஒரு கிராம் இரும்பு சேரணும்னா, 12,000 லிட்டர் தண்ணி லாரி சுமார் 15,000 நிறைய அந்தக் கடல்நீரைக் கொண்டுவரணும். இப்போ சொல்லுங்க, உங்க ரீடிங்கில் வந்தது கடலோட இரும்பா, கப்பலோட இரும்பா?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடாமல் போனவர் ஜான் மார்ட்டின். 1935-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓல்ட் லைம் என்ற ஊரில் பிறந்தார். கோல்பி கல்லூரியில் படிக்கும்போது, 19 வயதில் போலியோ தாக்கியது. அதன்பின் நடப்பதே வாழ்நாள் முழுக்கச் சிரமம். அந்தக் கால்களோடு ஆடுகிற கப்பலில் வாரக்கணக்கில் நின்று வேலை பார்க்கும் துறையைத்தான் தேர்ந்தெடுத்தார். 1966-ல் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1972-ல் கலிபோர்னியாவின் மான்டெரே வளைகுடாக் கரையில் இருக்கும் மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகத்துக்கு வந்தார். 1976 முதல் கடைசிவரை அவர்தான் அதன் இயக்குநர்.

அப்போது கடலியலில் ஒரு பழைய புதிர் தீராமல் கிடந்தது. கடலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகள் வாழ்கின்றன. நிலத்துச் செடிகளைப் போலவே சூரிய ஒளியில் கார்பன் டை ஆக்சைடை எடுத்து வளர்பவை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால் கடகடவென்று பெருகணும். ஆனால் அண்டார்டிக்காவைச் சுற்றிய தென்கடல், அலாஸ்காவுக்குத் தெற்கே வட பசிபிக், நிலநடுக்கோட்டுப் பசிபிக் ஆகிய மூன்று இடங்களில் நைட்ரேட் தாராளமாகக் கிடந்தும் பசுமை இல்லை. இலை நிறைய சாப்பாடு போட்டிருக்கு, சாப்பிட ஆள் வரலைங்கிற மாதிரி.

இரும்புப் பற்றாக்குறையாக இருக்கலாம் என்று 1930-களிலேயே சிலர் ஊகித்திருந்தார்கள். பச்சையம் உருவாக, நைட்ரேட்டைப் பயன்படுத்த, எல்லாவற்றுக்கும் இரும்பு வேணும். வயலில் இரும்புச் சத்து குறைந்து நிலக்கடலை வெளுத்துப்போனால் நம்ம ஊரில் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிப்பார்கள் இல்லையா, அதே கதைதான். ஆனால் கடல்நீரை அளந்தவர்களுக்கெல்லாம் இரும்பு நிறையவே இருப்பதாகத்தான் ரீடிங் வந்தது. அதனால் ஊகம் கிடப்பில் போனது.

மார்ட்டினுக்கு அந்த ரீடிங்குகள் மேலேயே சந்தேகம். சுற்றுப்புற ஈயம் சாம்பிளுக்குள் புகுந்து அளவுகளையே பொய்யாக்குவதை கிளேர் பேட்டர்சன் ஏற்கெனவே காட்டியிருந்தார். இரும்புக்கும் அதுதான் நடந்திருக்கணும். மார்ட்டினும் அவர் குழுவும் எஃகு வடத்தைத் தூக்கிவிட்டு கெவ்லார் கயிறு போட்டார்கள். உள்ளே டெஃப்லான் பூசிய குப்பிகள், அமிலத்தில் திரும்பத் திரும்பக் கழுவிய பாட்டில்கள், வடிகட்டிய காற்று மட்டும் வரும் அறை. படிக்கும்போது அலுப்பான விஷயம். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் பெரிய சாதனையே இதுதான். பாட்டிலைச் சுத்தமாகக் கழுவியதும் கடலில் இருந்த இரும்பு கிட்டத்தட்ட காணாமல் போனது!

1988-ல் மார்ட்டினும் ஸ்டீவ் ஃபிட்ஸ்வாட்டரும் நேச்சர் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வட பசிபிக் நீரைச் சுத்தமான பாட்டில்களில் எடுத்து, சிலவற்றில் மட்டும் துளியூண்டு இரும்பு சேர்த்தார்கள். அந்த பாட்டில்களில் மிதவை உயிரிகள் செழித்து, நைட்ரேட்டைக் காலி செய்தன.

அதோடு நிற்கவில்லை. அண்டார்டிக்காவின் வோஸ்டாக்கில் துளைத்தெடுத்த பனிக்கட்டித் தண்டில் பழைய காற்றும் பழைய தூசியும் படிந்திருந்தன. பனியுகங்களில் தூசி அதிகம், கார்பன் டை ஆக்சைடு குறைவு. பாலைவனத் தூசி இரும்பைச் சுமந்துவந்து தென்கடலுக்கு உரம் போட்டது, மிதவை உயிரிகள் பெருகி காற்றிலிருந்த கார்பனைக் கீழே கொண்டுபோயின என்று 1990-ல் எழுதினார். இதுதான் அவருடைய இரும்புக் கருதுகோள்.

வம்பு வந்தது வாயால். 1988-ல் வுட்ஸ் ஹோலில் பேசும்போது, அரைக் கப்பல் இரும்பு கொடுத்தால் ஒரு பனியுகத்தையே கொண்டுவந்து காட்டுகிறேன் என்ற பொருளில், சினிமா வில்லன் குரலில் ஒரு ஜோக் அடித்தார். அரங்கமே சிரித்தது. வெளியே போனதும் அது ஜோக்காக இல்லை. புவி வெப்பத்துக்கு மலிவான மருந்து கிடைச்சாச்சுன்னு ஒரு கூட்டம். கடலோடு விளையாடாதே என்று இன்னொரு கூட்டம். 1991-ல் கலிபோர்னியாவில் கூடிய நீரியல், கடலியல் விஞ்ஞானிகள், புகையைக் குறைக்காமலிருக்க இதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானமே போட்டார்கள். கூடவே, சின்ன அளவில் கடலிலேயே செய்து பார்க்கலாம் என்றும் சொன்னார்கள்.

இந்த இரைச்சலில் பலர் கவனிக்காமல் விட்டது, இதே மார்ட்டின் 1987-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு. கடலின் பல ஆழங்களில் பொறிகளைத் தொங்கவிட்டு, மேலிருந்து மழை போல விழும் செத்த உயிரிகளையும் கழிவுகளையும் பிடித்து எடை போட்டார்கள். கிடைத்தது ஒரு எளிய சூத்திரம்: 100 மீட்டரில் விழும் கார்பனை, (ஆழம் ÷ 100) என்பதன் −0.858 அடுக்கால் பெருக்குங்க. கால்குலேட்டர் பக்கத்துல இருந்தா போட்டுப் பாருங்க. 500 மீட்டரில் கால்வாசிதான் மிச்சம். 1,000 மீட்டரில் சுமார் 14 சதவீதம். 4,000 மீட்டரில் 4 சதவீதம். மீதியெல்லாம் வழியிலேயே பாக்டீரியாவும் சின்ன உயிரினங்களும் தின்று, மறுபடி கார்பன் டை ஆக்சைடாக நீரில் கலந்துவிடுகிறது. மேலே கடல் பச்சையாவது வேற, அந்தக் கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் ஆழத்தில் தங்குவது வேற. தன் ஜோக்குக்கான கடிவாளத்தை ஒரு வருஷம் முன்னாடியே அவரே எழுதி வைத்திருந்தார்.

1989 அக்டோபரில் லோமா ப்ரியேட்டா நிலநடுக்கம் மாஸ் லேண்டிங் ஆய்வகத்தை இடித்துப் போட்டது. தற்காலிக இடங்களில் வேலையை நகர்த்திக்கொண்டே, திறந்த கடலில் ஒரு சோதனைக்குத் திட்டம் போட்டார். அதற்குள் புற்றுநோய். 1993 ஜூனில், 58 வயதில் இறந்துபோனார்.

நான்கு மாதம் கழித்து அவர் சகாக்கள் கலபகோஸ் தீவுகள் பக்கம் போனார்கள். சுமார் 450 கிலோ இரும்பை அமிலநீரில் கரைத்து 64 சதுர கிலோமீட்டர் கடலில் விட்டார்கள். ஓடுகிற கடலில் அந்தத் திட்டை எப்படித் தொடர்வது? சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயுவையும் கூடவே கலந்து, அதை மோப்பம் பிடித்துக்கொண்டே போனார்கள். பச்சையம் மூன்று மடங்கானது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு பெரிதாகக் குறையவில்லை. 1994-ல் நேச்சரில் வந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் ஜான் மார்ட்டின். 1995-ல் ஒரே தடவையாகக் கொட்டாமல் ஒரு வாரத்தில் மூன்று முறை பிரித்துப் போட்டபோது நீலக் கடல் நிஜமாகவே பச்சையானது. நீரில் கார்பன் டை ஆக்சைடும் நன்றாகவே இறங்கியது.

அதன்பின் பத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. 2004-ல் தென்கடலில் சிலிக்கா ஓடுள்ள டயாட்டம்கள் பெருகி, குறைந்தது பாதியாவது 1,000 மீட்டருக்குக் கீழே மூழ்கின. 2009-ல் கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மானியர்களும் சேர்ந்து, இந்தியில் இரும்பு என்று பொருள்படும் லோஹா சொல்லை வைத்து லோஹாஃபெக்ஸ் என்று பெயரிட்டு, தெற்கு அட்லாண்டிக்கில் 300 சதுர கிலோமீட்டருக்கு இரும்பு போட்டார்கள். அங்கே சிலிக்கா இல்லை, டயாட்டம் வரவில்லை. வந்த குட்டி உயிரிகளைக் கோபிபாடுகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போன கார்பன் மிகக் கொஞ்சம்.

இரும்பு போட்டால் வளரும் என்பதில் இன்று சண்டை இல்லை. எவ்வளவு மூழ்கும், எங்கே மூழ்கும் என்பதில்தான் சண்டை. அந்தக் கணக்கைப் போட உட்காருகிறவர்கள் முதலில் எடுப்பது இன்னமும் அந்த −0.858-ஐத்தான்.